முள் இல்லாத கெளிறும் முதல் பெயரும்

அன்புள்ள செலின்,

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துவிடு. குழந்தைக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். இப்போதுதான் சூடு தணிந்து தூங்குகிறாள். நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே எழுதுகிறேன்.

மஞ்சள்காமாலை உன்னைக் கொண்டுபோய் ஓராண்டு ஆகிறது. நம் கட்டுரை முடிந்துவிட்டது. கடல் கெளிற்று மீனின் அந்தச் சின்னப் பேரினத்தில் நம் கரைக்கு வருபவை எத்தனை இனம் என்ற கேள்விக்கு, நீ அளந்த மீசை நீளங்கள்தான் விடை தந்தன.

முதுகில் முள்ளே இல்லாத மூன்று கெளிறுகளைச் சந்தையில் வாங்கிவந்தேனே, நினைவிருக்கிறதா? புதிய இனம் என்று ஆய்விதழுக்குக் கடிதமே எழுதி ஒட்டிவிட்டேன். நீ லென்ஸை வைத்துப் பார்த்தாய். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய்.

"எக்கா, உனக்க புது இனம் எங்க அப்பனுக்க கைவேலையாக்கும்! விஷமுள்ளு உண்டுல்லா? வள்ளத்துலயே தட்டி ஒடிச்சிட்டுதான் கரைக்குக் கொண்டு வருவாவ."

தோலுக்கடியில் ஒடிந்த அடிமுள் இருந்தது. ஒட்டிய உறையை நீயே கிழித்தாய்; யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த வாரம் பூவாற்றுக் கரையில் உன் அப்பா முழு மீனோடு நின்றார்.

"முள்ளோட வேணும்னு கேட்ட படிச்ச பிள்ளை இதுதானா? குத்துனா எங்கிட்ட வந்து அழப்பிடாது, கேட்டியா!"

அந்தக் கடிதம் போயிருந்தால் அப்புறம் என் எழுத்தை யார் நம்பியிருப்பார்கள்? இன்று எனக்கென்று ஒரு படிப்பு மிஞ்சியிருப்பது உன் சிரிப்பால்தான்.

போன வாரம் நம் வழிகாட்டி சார் கட்டுரையின் முதல் பக்கத்தில் உன் பெயரைக் கோடு போட்டு அடித்துவிட்டார்.

"மரிச்ச பிள்ளைக்குப் பேரெதுக்கு? கடைசியில நன்றின்னு ஒரு வரி போதும். உனக்கு வேலைக்குச் சிபாரிசுக் கடிதம் தரவேண்டியது நானாக்கும்."

அந்த வேலையை நம்பி வீடே காத்திருக்கிறது. கைக்குழந்தைக்காரி நான் என்ன பேச? தலையாட்டிவிட்டு வந்தேன்.

இன்று உதியன்குளங்கரை தட்டச்சுக்கடையில் முதல் பக்கத்தைத் திரும்ப அடிக்கச் சொன்னேன். உன் பெயர் முதலில், என் பெயர் இரண்டாவது.

விடிந்ததும் தபாலில் சேர்ப்பேன். சார் கேட்டால் நான்தான் போட்டேன் என்று அவர் முகத்தைப் பார்த்தே சொல்வேன். இது உனக்கு என் வாக்கு. ஆனாலும் பயமாக இருக்கிறது, செலின். சீக்கிரம் பதில் போடு.

உன் அக்கா,
சுபா
பாறசாலை