ஆற்றங்கரைச் சங்கு

நவம்பர் 9

ரத்ரி சாயங்காலம் போன் செய்தாள். நகரத்து விடுதியில் இருந்துகொண்டே ஆற்றங்கரைக் காவல் கொட்டகைக் கம்ப்யூட்டருக்கு இன்று மத்தியானம் புதுக் கெர்னலை ஏற்றச் சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டாளாம். கம்ப்யூட்டரைப் போட்டதும் முதலில் கண் விழிக்கிற பகுதி அதுதான் பாட்டி என்றாள். இடம் போதாமல் பழையதை அழித்துவிட்டாளாம். எனக்குப் புரிந்தது ஒன்றுதான் – என் பேத்தி அங்கே விரலை அசைத்தால் இங்கே வேலை நடக்கிறது. கடையில் நாலு பேரிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

மத்தியானம் நல்ல இடி. மழை இல்லை.

நவம்பர் 10

கம்ப்யூட்டர் எழவில்லையாம்.

நவம்பர் 11

முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டாள். திரையில் நாலு வரி வருகிறது, எல்லாம் எழுதி வைத்திருக்கிற வட்டைக் காணோம் என்று சொல்லி அப்படியே நின்றுவிடுகிறது.

ஆற்றின் மேல்பகுதியில் புதைத்து வைத்த கருவிகள் நடுங்கினால் எச்சரிக்கைச் சங்கை ஊதுவது அந்தக் கம்ப்யூட்டர்தான். மெராபி எரிமலை உச்சியில் மழை பெய்தால், இங்கே வெயில் அடிக்கும்போதே சேறும் பாறையும் இறங்கிவிடும். அந்த ஆற்றுக்குள்தான் என் மகன் துகிஜோ மணல் அள்ளுகிறான். ரத்ரியின் அப்பா. ரெண்டு நாள் போகாதே என்றேன். "லாரி வந்து நிக்குதும்மா. வானத்தப் பாரு, ஒரு மேகம் இல்ல" என்று மண்வெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டான்.

கொட்டகையைக் காவல் காக்கும் வகிமானிடம் ரத்ரி கேட்டாள்: "மாமா, ஒன்பதாம் தேதி கரண்ட் கிரண்ட் போச்சா?"

"இல்லம்மா. எல்லாம் நல்லபடியா இருந்துச்சு."

அப்படியானால் ஏற்றியது ஒழுங்காகத்தான் முடிந்திருக்கும், வட்டில்தான் கோளாறு என்கிறாள்.

நவம்பர் 12

வட்டுக்குப் போகும் வயரை மாற்றினாள். எழவில்லை. பென் டிரைவிலிருந்து எழுப்பிப் பார்த்தால் வட்டு நன்றாகத் தெரிகிறதாம், உள்ளே எல்லாம் இருக்கிறதாம். "வட்டு நல்லாருக்கு பாட்டி. அப்புறம் ஏன் காணோம்ங்குது?" என்னைக் கேட்டால்? கொண்டுபோன சோற்றுப் பொட்டலத்தைக்கூடப் பிரிக்கவில்லை.

கடைக்காரி சுமிரா எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள்: "பழைய சங்குன்னா கையால சுத்துனாப் போதும். அதுக்கு யாரும் நகரத்துல போய்ப் படிக்க வேண்டாம்."  தெம்பே சோயாக்கட்டி வாங்காமலே வந்துவிட்டேன். ராத்திரி வெறும் கீரை.

துகிஜோ திரும்பும்வரை வாசலை விட்டு நகரவில்லை.

நவம்பர் 13

காலையிலிருந்து உச்சி தெரியவில்லை. ஒரே மேகம். துகிஜோ போய்விட்டான். 

வகிமான் வீட்டிலிருந்து ஒரு கூடை சலாக் பழம் வந்தது. நேற்றும் ஒரு கூடை வந்தது. அதற்கு முந்தின நாள் வாழைத்தார். இந்த ஊரில் தப்புச் செய்தவன் மன்னிப்புக் கேட்க வரமாட்டான், பண்டம் கொடுத்து அனுப்புவான். நானும் அப்படித்தான் செய்திருக்கிறேன். இது எனக்கு முதல் கூடையிலேயே உறைத்திருக்க வேண்டாமா? பேத்தியின் பேர் கெடுகிற கவலையில் இருந்தேன்.

கூடையைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் கொட்டகைக்குப் போனேன். ரத்ரி திரைக்கு முன்னால், அவன் வாசல்படியில்.

"இவ்வளவு பழம் எதுக்கு வகிமான்? எங்க வீட்ல கல்யாணமா?"

"சும்மாதான் பெரியம்மா. நெறைய காய்ச்சிருக்கு."

"ஒன்பதாம் தேதி மத்தியானம் இடி இடிச்சுதே, நீ இங்கதான இருந்த?"

அவன் கூடையை வாங்கிக் கீழே வைத்தான்.  அப்புறம், "எப்பவும் போலப் பிளக்கப் பிடுங்கிட்டேன் பெரியம்மா. இடி விட்டதும் சொருகிட்டேன். புள்ள கேட்டப்ப வாய் வரல."

இடி என்றால் எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் பிளக்கைப் பிடுங்குவோம். அவன் டிவியைக் காப்பாற்றுவதுபோல் கம்ப்யூட்டரைக் காப்பாற்றியிருக்கிறான்.

ரத்ரி கோபப்படவில்லை. அவள் முகமே மாறிவிட்டது. "அப்போ பாதி எழுதும்போதே நின்னிருக்கு மாமா!" கெர்னலுக்கு வட்டைத் திறந்து காட்ட ஒரு சின்னக் கோப்பு உண்டாம். தேடிப் பார்த்தால் அது அரைகுறையாகக் கிடக்கிறது. பென் டிரைவிலிருந்து எழுப்பி, அந்த வட்டுக்குள் நுழைந்து, கோப்பைப் புதிதாக உண்டாக்கினாள். மறுபடி போட்டாள். வெள்ளை எழுத்துகள் மளமளவென்று ஓடின, நிற்கவில்லை. சங்கை ஒரு தரம் ஊதிப் பார்த்தாள். வகிமான் சாரத்தால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

நவம்பர் 14

ஊர்க்கூட்டம். ரத்ரி எழுந்து, "தப்பு என்னோடது. யார்கிட்டயும் சொல்லாம ஏத்தினேன். பழசையும் அழிச்சிட்டேன்" என்றாள். பிளக்கைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சுமிரா என்னைப் பார்த்துச் சிரித்தாள். எழுந்து போட்டு உடைத்துவிடலாம் என்று வந்தது – ரத்ரி என் முழங்காலை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து சண்டை போட்டேன். உன் பேரை நீயே ஏன் கெடுத்துக்கறே என்றேன். "இன்னிக்கு நான் சொல்லியிருந்தா மாமா இனி வாயே திறக்கமாட்டார். அடுத்த தடவ எனக்கு யார் பாட்டி சொல்லுவா?" என்றாள். எனக்குச் சமாதானமில்லை.

நவம்பர் 15

ரத்ரி போய்விட்டாள். வேண்டாததை அழித்து இடம் உண்டாக்கி, பழைய கெர்னல் ஒன்றையும் கூடவே வைத்திருக்கிறாளாம்.

நவம்பர் 21

மத்தியானம் இடி. நம் வீட்டு டிவி பிளக்கைப் பிடுங்கினேன். உடனே வகிமானின் கை நினைவுக்கு வந்தது. இங்கே ஒரு சொட்டு மழை இல்லை. கொட்டகைக்கு ஓடலாமா என்று செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது சங்கு ஊதியது.

துகிஜோ முழங்கால்வரை சேற்றோடு வந்தான். மண்வெட்டி இல்லை. லாரி இன்னும் ஆற்றுக்குள்தான் இருக்கிறது, கூரை மட்டும் தெரிகிறதாம்.

ரத்ரி சாயங்காலம் போன் செய்தாள். சங்கு ஊதுவதற்கு முன்னாலேயே வகிமான் தானாகவே அவளைக் கூப்பிட்டானாம். "இங்க இடிக்குதும்மா. கை துருதுருங்குது. நான் தொடல" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டானாம்.

நாளைக்கு அவன் வீட்டுக்குத் தெம்பே பொரித்து அனுப்ப வேண்டும்.