அஞ்சரைக் கட்டை

செப். 21, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். ஷெட்டில் மூன்று பம்ப்செட் மோட்டார், மூன்றும் சுருள் எரிந்தவை. ஒன்றையும் தொடவில்லை. நாற்றங்கால் நேரம், நாளைக்கு ஆள் வந்து கத்துவான். கத்தட்டும்.

நேற்று புரட்டாசி முதல் சனி. பெருமாள் கோயிலில் பஜனை. வசந்தா போகவில்லை. பதினோரு வருஷமாக அவள்தான் முன்பாட்டு. அவள் எடுத்துக் கொடுப்பாள், மற்ற பெண்கள் வாங்கிப் பாடுவார்கள். தைராய்டு ஆபரேஷன் ஆகி நாலு மாதம். பாடலாம், கொஞ்சம் கொஞ்சமாக என்று டாக்டர் சொல்லிவிட்டார். குரல் இருக்கிறது. மேலே மட்டும் போகமாட்டேன் என்கிறது. கோயில் மைக் சத்தம் வீடு வரைக்கும் கேட்டது. வ. எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து வெண்டைக்காய் நறுக்கினாள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

முடிவு: ஒரு சுருதிப் பெட்டி செய்வது. பழையது மே மாத இடியில் புகைந்து போனது. கடையில் வாங்கலாம்தான். கடையில் வாங்கினால் நான் எதற்கு?

நான் இதுவரை செய்த வாத்தியங்கள் (வ. அடிக்கடி ஒப்பிக்கும் பட்டியல்):
1. டேபிள் ஃபேன் மோட்டாரில் காற்றடிக்கும் ஆர்மோனியம். துருத்தி கிழிந்தது.
2. மகளின் பொம்மை கீபோர்டு, கூடுதல் சத்தத்துக்காகத் திறந்தது. புகை.
3. தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் நாதஸ்வரம் ஊதும் அலாரம். தெருவே திரண்டு வந்து நிறுத்தியது.

செப். 22, திங்கள்

மோட்டார்க்காரன் வந்தான், கத்தினான். ஒன்று முடித்துக் கொடுத்தேன்.

மிச்ச நேரம் பெட்டி. கூடு: செத்துப்போன ஸ்டெபிலைசருடையது, கைப்பிடியோடு. ஸ்பீக்கர்: பழைய டிவி. முன்னால் பன்னிரண்டு இடத்தில் நிற்கும் திருகு சுவிட்ச். ஒன்றாம் கட்டையிலிருந்து ஏழு வரைக்கும், அரைக் கட்டைகளும் சேர்த்து எண்கள், வெள்ளை பெயிண்டில்; கட்டை ஏற ஏறச் சுருதி ஏறும். என் கையெழுத்துக்கு இதுவே அதிகம். உள்ளே ஒரு குட்டித் திருகாணி: அதைத் திருப்பினால் பன்னிரண்டு சுருதியும் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும். கரண்டில் போட்டால் உர்ர் என்று ஓர் ஓசை. பாட்டரிக்கு மாற்றினேன், அடங்கிற்று. போன் ஆப்பை வைத்து சுருதி சரிபார்த்தேன். சுத்தம்.

செப். 23, செவ்வாய்

வ. காபி தம்ளரோடு ஷெட்டுக்கு வந்தாள். பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"இது புகையாதே?"

"பாட்டரிதான். புகையாது."

"அஞ்சரை வைங்க."

அஞ்சரைதான் அவள் கட்டை, எப்போதும். வைத்தேன். கண்ணை மூடி ஆரம்பித்தாள். கீழே எல்லாம் வந்தது. மேலே ஏறும் இடத்தில் குரல் பிரிந்து, இருமல். மறுபடி. மறுபடியும் இருமல்.

"நாலு வச்சிப் பாக்கலாமா?"

"நான் இன்னாத்துக்கு நாலுல பாடணும்? அதுக்கு வூட்டுலயே கெடக்கலாம்." கண் கலங்கிவிட்டது. "பெட்டி நல்லாத்தான் இருக்குது. நான்தான் ரிப்பேரு."

போய்விட்டாள். காபி ஆறியது.

செப். 24, புதன்

செய்துவிட்டேன். எழுதிவைக்கிறேன், இங்கே தவிர வேறு எங்கே சொல்வது.

அவள் குளிக்கப் போன நேரம் உள்திருகாணியை ஒரு துளி இறக்கினேன். சுவிட்ச் அஞ்சரையில்தான் நிற்கிறது. சத்தம் அஞ்சுக்கு வந்துவிட்டது. "இன்னைக்கு ஒரே ஒரு தபா" என்று கெஞ்சிக் கூட்டி வந்தேன். இருமல் குறைவு.

"நேத்திக்கி இன்னிக்கி பரவால்ல, இல்ல?" என்றாள்.

"ரொம்ப" என்றேன்.

செப். 25, வியாழன்

இன்னொரு துளி. பிற்பகல் மின்வெட்டு. பசு மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு கரும்புக்குள் போய்விட்டது, தேடிப் பிடிக்க ஒரு மணி நேரம்.

செப். 27, சனி

இரண்டாம் சனி. கோயிலுக்கு இன்னும் போகவில்லை. ஆனால் காலையில் அவளே வந்து பெட்டியைப் போட்டாள். நேற்று இன்னும் ஒரு துளி இறக்கினேன், இப்போது 'அஞ்சரை'யில் வருவது சுத்தமான நாலு. முழுப் பாட்டும் பாடினாள். மேலே போய் நின்றாள், நின்று ஒரு சுற்று சுற்றிவிட்டு இறங்கினாள். ஷெட் வாசலில் இரண்டு பேர் சைக்கிளை நிறுத்திக் கேட்டார்கள்.

"பழைய பொட்டி மாரி இல்ல. கனமா கேக்குது" என்றாள்.

"ஸ்பீக்கர் பெருசு, அதான்." நாக்கு கூசாமல் சொன்னேன்.

சென்னையில் இருக்கும் மகளுக்கு உடனே போன். "ஏண்டி, அஞ்சரை வந்துடுச்சிடி!" அழுகையும் சிரிப்புமாக. நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனேன். சந்தோஷமாகத்தான் இருந்தது.

செப். 30, செவ்வாய்

மாட்டிக்கொண்டேன்.

கோவிந்தராசு வந்தார், கரையாம்புத்தூரிலிருந்து, மொபெட்டில் ஆர்மோனியத்தைக் கட்டிக்கொண்டு. பஜனைக்கு வாசிப்பவர். ஒரு ரீட், உள்ளே அதிரும் பித்தளை நாக்கு, கரகரக்கிறதாம்.

"தங்கச்சிக்கு அஞ்சரை வந்துடுச்சாமே! மல்லிகா ஊரு பூரா சொல்லிக்கினு இருக்குது. மூணாஞ் சனிக்கு அஞ்சரையே வச்சிக்கலாம்பா. நாளான்னிக்கி வந்து ஆர்மோனியத்த எடுத்துக்கிறேன்."

மல்லிகா பக்கத்து வீடு. பஜனையில் தாளம் தட்டுகிறவள். அவளிடம் வ. சொல்லாமல் இருப்பாளா?

அவருடைய ஆர்மோனியத்தில் அஞ்சரை என்றால் அஞ்சரைதான். சனிக்கிழமை எல்லார் முன்னாலும் வ. கண்ணை மூடி ஆரம்பிப்பாள். மேலே போவாள். உடையும். மைக்கில்.

ரீடில் தூசிதான். ஊதினேன், போயிற்று. அதோடு மூடியிருக்க வேண்டும். மூடவில்லை. ரீட் நுனியில் ஒரு பொட்டு மெழுகு வைத்தால் சுருதி இறங்கும் என்று தெரியும். வைத்தேன். இறங்கியது. எல்லா ரீடிலும் வைத்துவிட்டால்? இரண்டாவதில் வைத்தேன். மூன்றாவது. பிறகு உட்கார்ந்து யோசித்தேன்: அடுத்து யார் ஆர்மோனியம்? கோயில் கீபோர்டு? உலகத்தில் இருக்கிற எல்லாப் பெட்டியையுமா திறக்கப் போகிறாய், மடையா? மெழுகைச் சுரண்டி எடுத்தேன். ஆப்பை வைத்து மூன்றையும் பார்த்தேன். பழையபடி.

அக். 1, புதன்

ஆயுத பூஜை. ஷெட் கழுவி, மாவிலை கட்டி, ஸ்பேனர் முதல் சால்டரிங் அயர்ன் வரை வரிசையாகச் சந்தனம். ஆர்மோனியத்துக்கும் வைத்தோம். பொரி, கடலை, பூசணிக்காய்.

சுருதிப் பெட்டிக்கு வ. தானே குங்குமம் வைத்தாள். பெட்டியின் தலையில் வைக்கவில்லை. 5½ என்ற எண்ணுக்குப் பக்கத்தில் வைத்து, தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அதற்குமேல் முடியவில்லை. கற்பூரம் அணைந்ததும் சொல்லிவிட்டேன். திருகாணி, ஒவ்வொரு நாளும் இறக்கியது, மெழுகு எல்லாம்.

கற்பூரத் தட்டைக் கீழே வைத்தாள். பிறகு:

"அப்போ நான் பாடுனது?"

"நாலு."

"ஊரே கேட்டுச்சி. புள்ளைக்கு போன் பண்ணி அழுதேன். பக்கத்துல நின்னுக்கினு பாத்துக்கினுதான இருந்த?"

கல்யாணமான நாளிலிருந்து 'நீங்க'. இன்றைக்கு 'நீ'.

"நீ பாடணும்னுதான்…"

"வரலன்னா வரலன்னு மூஞ்சிக்கி நேரா சொல்லணும். மத்தவங்க பாவம் பாக்கறாங்கன்னுதான் நான் கோயிலுக்கே போவல. வூட்டுக்குள்ளயும் அதானா?"

பொரித் தட்டை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். தெருவில் யாரோ பூசணிக்காய் உடைத்தார்கள்.

அக். 2, வியாழன்

பேச்சு இல்லை. சாப்பாடு வந்தது, உப்பு சரியாக இருந்தது. அதுவே பயமாக இருக்கிறது. கோவிந்தராசு வந்து ஆர்மோனியத்தை எடுத்துப் போனார். "சனிக்கிழம பாக்கலாம் தங்கச்சி" என்று வாசலிலிருந்தே குரல் கொடுத்தார்.

திருகாணியைப் பழைய இடத்துக்கே ஏற்றி, மேலே ஒரு சொட்டு நெயில் பாலிஷ் வைத்து உறைய விட்டேன். இனி திரும்பாது.

அக். 3, வெள்ளி

நல்ல மழை. ஷெட்டுக்குள் தண்ணீர். மோட்டார் சுருளை மேசை மேல் ஏற்றிக்கொண்டிருந்தேன். வ. வந்து நின்றாள், தலையில் துண்டோடு.

"இப்போ அஞ்சரை அஞ்சரைதான?"

"ஆமா."

சுவிட்சை அவளே திருப்பினாள். அஞ்சு. நாலரை. நாலு. அதில் நிறுத்தி ஒரு வரி பாடினாள். மழைச் சத்தத்தில் பாதிதான் கேட்டது. அணைத்துவிட்டுப் போய்விட்டாள். நாளைக்குக் கோயிலுக்குப் போவாளா, தெரியவில்லை.

அக். 4, சனி

மூன்றாம் சனி. ஐந்து மணிக்கு வ. புடவை மாற்றிக்கொண்டு கிளம்பினாள். என்னைக் கூப்பிடவில்லை. பத்தடி பின்னால் போனேன்.

கோயிலில் நல்ல கூட்டம். கோவிந்தராசு துருத்தியை இழுத்து அஞ்சரையைப் பிடித்துக் காத்திருந்தார். வ. மைக்கைக் கையில் வாங்கினாள். அதைத் தள்ளிப் பிடித்துக்கொண்டுகூடச் சொல்லியிருக்கலாம். நேராக மைக்கிலேயே சொன்னாள்:

"அண்ணா, எனக்கு இப்போ அஞ்சரை வராது. நாலு போடுங்க."

கூட்டம் ஒரு நொடி பார்த்தது. அவர் விரலை நகர்த்தி நாலுக்கு வந்தார். அவள் ஒரு வரி எடுத்துக் கொடுத்தாள். பின்னால் பெண்கள் வாங்கினார்கள்.

அந்தச் சத்தத்தை நான் அந்தக் கோயிலில் கேட்டதே இல்லை. கோவிந்தராசுவே நிமிர்ந்து பார்த்தார். வ. திரும்பிவிட்டாள், பாட்டு நடுவில்.

பாட்டு முடிந்ததும் மல்லிகா: "இன்னா அப்பிடிப் பாக்கற? இப்போதாண்டி எங்களுக்கு எட்டுது. உன் அஞ்சரைக்கு எவளுக்கு வரும்? இத்தினி வருசமா சும்மா வாய அசைச்சிக்கினு இருந்தோம்."

பதினோரு வருஷம். தூணோரம் நின்று கேட்டிருக்கிறேன். ஒரே ஒரு குரல்தான் கேட்கும். அது என் பெண்டாட்டி குரல் என்று பெருமைப்பட்டிருக்கிறேன்.

வ. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "சொல்ல மாட்டீங்களாடி?" என்றாள். மைக்கைக் கீழே வைத்துவிட்டு, போய் அவர்கள் வரிசையிலேயே உட்கார்ந்து, "இன்னொரு தபா" என்றாள்.

பாடினார்கள். எது அவள் குரல் என்று நான் தேடிக்கொண்டே நின்றேன்.