ஜிப் போட்ட வீடு

என் வீட்டு மகாராணிக்கு,

நீயும் உன் மூட்டுவலியும் சௌக்கியமா? நான் நலம், தொப்பை மட்டும் லீவில் போய்விட்டது.

நான் வேலை பார்க்கும் இந்தச் சுற்றுலா முகாமில் மெத்தை, வெந்நீரோடு சொகுசுக் கூடாரங்கள் உண்டு. காசு கொடுத்துக் காட்டுக்குள் வெறுந்தரையில் படுக்கவும் ஆள் வருகிறது! நேற்று அப்படி வந்த ஒருவருக்குக் கூடாரம் அடித்துக் கொடுத்தேன்.

"ரெண்டு நாள் தாங்குவேனாண்ணே? நீங்க எத்தனை நாளா இப்படிப் படுக்கறீங்க?"

"மூணு வருஷமா, தம்பி."

ஜோக் என்று நினைத்து விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்துத் தொலைத்தேன். என் கட்டில் என்று உனக்கு அனுப்பிய போட்டோவில் இருப்பது விருந்தாளியின் கட்டில், திட்டாதே.

இந்த வருஷமும் லீவு கிடையாதாம். இனிமேல் கேட்கவும் தெம்பில்லை.

ஒரு உதவி. நம் வாசல் கதவுக்கு நீ தாழ்ப்பாள் போடும் சத்தத்தைப் போனில் பதிந்து அனுப்பு. என் கூடாரத்துக்கு ஜிப் மட்டும்தான்.

மேனேஜர் கத்துகிறார், ஓடுகிறேன்.

உன் வீட்டுக்காரன்