கசப்புப் பருப்பு வாசனை

நான்ஹெ கிராமம், சாந்தோங்
ஜூன் 1997

யான்யானின் அப்பாவுக்கு,

ஃபெங்சின் எழுதிக்கொள்வது. நலமா என்று கேட்டுத்தான் கடிதம் தொடங்க வேண்டும், கேட்டுவிட்டேன். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதக் கை வரவில்லை. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன், உட்கார்ந்துகொண்டு படியுங்கள். உங்கள் தம்பி தெலின் செத்துப்போனான். ஆலையில், செம்புத் தொட்டியில், விஷக்காற்று பட்டு. அவனை அந்தத் தொட்டிக்கு அனுப்பியவன் என் அண்ணன் சாங்ஷெங். இரண்டையும் நீங்கள் என்னிடமிருந்துதான் கேட்க வேண்டும். உங்கள் பெரியப்பா மகன்கள் கப்பல் கம்பெனிக்குத் தந்தி கொடுத்திருக்கிறார்கள் என்று தெரியும். அதில் என்ன இருக்கும் என்பதும் தெரியும்.

இந்தச் செம்புத் தொட்டி நீங்கள் கடலுக்குக் கணவாய் மீன் பிடிக்கப் போன பிறகு வந்தது. நம் மலைக் கல்லில் தங்கத்தோடு செம்பும் கிடக்கிறதல்லவா, அது சயனைடு தண்ணீரில் கரைந்து, தங்கத்துக்கு வேண்டிய சயனைடையெல்லாம் தின்றுவிடுகிறது. அதனால் தங்கம் எடுத்த பிறகு மிஞ்சும் தண்ணீரை மூடிய தொட்டியில் விட்டு, சல்ஃபைடும் அமிலமும் சேர்ப்பார்கள். செம்பு கறுப்புச் சேறாக அடியில் இறங்கும். அதை பிரஸ்ஸில் பிழிந்து, உருக்காலைக்கு விற்பார்கள். தெளிந்த தண்ணீர் சுண்ணாம்பு கலந்து மறுபடி கல்லுக்கே போகும். நான் பிரஸ்ஸில், தெலின் தொட்டியில், சாங்ஷெங் எங்கள் ஷிப்டுக்குத் தலைவன். வீட்டு ஆட்கள் மூவரும் ஒரே கூரையின் கீழ் என்று உங்கள் அம்மாவுக்கு அவ்வளவு பெருமை.

அமிலம் விழுந்ததும் சயனைடு காற்றாகி மேலே வரும். அதை உறிஞ்சி வெளியே கொண்டுபோக ஒரு ஃபேன் உண்டு. அது நின்றால் தொட்டி மூடியைத் தொடவே கூடாது. அந்தக் காற்றுக்கு ஆப்ரிகாட் கொட்டையை உடைத்தால் வருமே, அந்தக் கசப்புப் பருப்பு வாசனை. ஜூன் மாதம் எங்கள் கேன்டீன்காரர்கள் ஊறுகாய்க்கு என்ன ஊறவைப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். தொட்டிக் கட்டடத்தின் சுவரோரமாக அண்டா அண்டாவாக அதே பருப்புதான். மூக்கில் ஏறிய வாசனை எதுவென்று அந்த மாதத்தில் எவனும் நின்று யோசிப்பதில்லை.

அன்று காலை ஃபேனின் பெல்ட் அறுந்துவிட்டது. அது ஏற்கெனவே சைக்கிள் ட்யூபை வெட்டிக் கட்டி ஒப்பேற்றிய பெல்ட். புதுசு கேட்டால் மேலாளர் சூ காதில் போட்டுக்கொண்டதே இல்லை. அறுந்ததை யாரும் பார்க்கவில்லை. அரைக்கும் இயந்திரத்தின் இரைச்சலில் ஃபேன் நின்றது கேட்கவும் இல்லை. சேறு அடைத்துக்கொண்டு பிரஸ்ஸுக்கு வராமல் நின்றது. மூடியைத் திறந்து அடைப்பை எடுக்கச் சொன்னான் சாங்ஷெங். தெலின் ஏணியில் பாதி ஏறி, வாசனை அடிக்கிறதே என்று தயங்கியிருக்கிறான். பக்கத்தில் நின்ற குவெய்யிங் எனக்கு அப்படியே சொன்னாள். சாங்ஷெங் கத்தினானாம்: "கேன்டீன் பருப்பு வாசனைக்குப் பயந்தா நீ ஆம்பளையாடா? ஏறுடா மேல." உங்கள் தம்பியைத் தெரியாதா, அப்போதும் வாய் அடங்கவில்லை. "பருப்புன்னா எனக்கும் ஒரு தட்டு எடுத்து வைங்க அண்ணே" என்று சிரித்துக்கொண்டே மூடியைத் தூக்கினானாம். தூக்கியவன் அப்படியே தலைகீழாக உள்ளே விழுந்தான்.

நான் ஓடி வந்தபோது அவனை முற்றத்தில் கிடத்தியிருந்தார்கள். முகம் கல்யாண விருந்தில் குடித்தவன் மாதிரி செக்கச்செவேலென்று இருந்தது. எழுந்துவிடுவான் என்றே நினைத்தேன். வாயிலும் மூக்கிலும் கறுப்புச் சேறு. விரலை விட்டு வழித்து எடுத்தேன், உள்ளே இருந்து இன்னும் வந்தது. பக்கத்தில் மண்டியிட்டு இருந்த சாங்ஷெங் சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தான்: "பருப்புன்னுதான் நெனச்சேன் ஃபெங்சின். பருப்புன்னுதான் நெனச்சேன்."

நான் திரும்பிச் சுவரோரம் பார்த்தேன். அண்டாக்கள் எல்லாம் கழுவிக் கவிழ்த்துக் காய்ந்துகொண்டிருந்தன. முந்தின நாளே பருப்பை வேகவைத்து ஜாடியில் அடைத்துவிட்டார்கள். காலையிலிருந்து அந்த வழியாகத்தான் அவனும் நடந்தான், நாங்கள் எல்லோரும் நடந்தோம்.

"அண்டாவெல்லாம் கவுந்து கெடக்கே, உன் கண்ணு எங்கடா போச்சு?" என்று கேட்டேன். கையில் சேறு சுரண்டும் இரும்பு இருந்தது. ஓங்கி அடித்தேன். தலையைக் காக்கக் கையைத் தூக்கினான், முழங்கைக்குக் கீழே எலும்பு முறிகிற சத்தம் எனக்கே கேட்டது. அதற்குப் பிறகும் அடித்தேன். தோளில், விலாவில். அவன் என்னைத் தடுக்கவே இல்லை. நாலு பேர் சேர்ந்து என்னைப் பிடித்து இழுத்தார்கள். சேற்றுக்குள் இருந்து தெலினை மேலே இழுத்துப் போட்டது சாங்ஷெங்தான், மூச்சைப் பிடித்துக்கொண்டு முகமூடி இல்லாமல் இறங்கினான் என்று குவெய்யிங் அப்புறம் சொன்னாள். சொல்லட்டும். அடித்ததற்கு நான் வருத்தப்படவில்லை.

அதற்கு மறுநாள் நடந்ததையும் கேளுங்கள். உங்கள் வீட்டார் தெலினைச் சவப்பெட்டியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போய், நியாயம் கேட்டு ஆலை வாசலில் இறக்கினார்கள். மேலாளர் ஒரு லாரி நிறைய அடியாட்களைக் கொண்டுவந்து இறக்கினார், ஆளுக்கொரு கோடரிக் காம்பு. பெட்டியை அவர்கள் காலால் தள்ளியதும் நம்மவர்களுக்கு வெறி பிடித்துவிட்டது. சுண்ணாம்பு மூட்டைகளைக் கிழித்து முகத்தில் வாரி இறைத்தார்கள். ஒரு காவலாளிக்கு ஒரு கண் போய்விட்டது, அவனும் யாரோ பெற்ற பிள்ளைதான். உங்கள் பெரியப்பாவின் மூத்த மகனுக்கு மண்டை பிளந்தது. பெட்டிமேல் படுத்துக் கிடந்த உங்கள் அம்மாவின் வாயிலும் ஓர் அடி விழுந்தது. முன்பல் இரண்டு இல்லை, கஞ்சி மட்டும்தான் குடிக்கிறார். போலீஸ் வந்து இரண்டு பக்கமும் அடித்தது.

அங்கே ஆறாத கோபத்தைக் கொண்டுபோய் என் அப்பா வீட்டில் தீர்த்தார்கள். அடுப்பில் பதித்த இரும்புச் சட்டியைச் சம்மட்டியால் உடைத்துவிட்டார்கள். சட்டியை உடைத்தால் அந்தக் குடும்பமே அற்றுப்போகட்டும் என்று அர்த்தம், உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். வேகவைக்க வைத்திருந்த மாவுருண்டைகளைச் சாம்பலிலிருந்து என் அம்மா ஒவ்வொன்றாகப் பொறுக்கினாளாம். இந்த வீட்டில் நான் கொலைகாரனின் தங்கை. அந்த வீட்டில் அண்ணன் கையை முறித்தவள். எந்த வாசலிலும் எனக்கு முகம் கொடுப்பார் இல்லை.

சாங்ஷெங் இன்னும் ஆஸ்பத்திரியில்தான் கிடக்கிறான். அவனை யாரும் தொடவில்லை. ஏன் தெரியுமா? உங்கள் பெரியப்பாவின் இளைய மகன் எல்லோர் முன்னாலும் சொன்னான்: "அவன் உசிரு தெஹாய் அண்ணனுக்கு. நாங்க தொடமாட்டோம். அவர் வந்து முடிச்சுக்கட்டும்." உங்கள் அம்மாவும் அதை மறுக்கவில்லை. விருந்துக்குப் பன்றி வளர்ப்பது போல அவனை உங்களுக்காக வைத்திருக்கிறார்கள். தந்தியில் இருப்பது இதுதான்.

நான் சொல்வதைக் கேளுங்கள். அவனுடைய வலது கை இனி மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் அடித்ததில் தெலினுக்காக அடித்ததும் உண்டு, உங்களுக்காக அடித்ததும் உண்டு. உங்கள் பங்குக்கும் நானே அடித்துவிட்டேன். மிச்சம் இல்லை. தெலின் போன மறுநாளே ஃபேனுக்குப் புது பெல்ட் மாட்டிவிட்டார் மேலாளர். பழையது என்னிடம் இருக்கிறது, ட்யூப் கட்டோடு. மாவட்டத்திலிருந்து விசாரிக்க வருகிறார்கள். அவர்கள் முன்னால் அதைப் போட்டு, மேலாளர் பெயரையும் சொல்வேன், என் அண்ணன் பெயரையும் சொல்வேன். ஜெயிலுக்குப் போகட்டும். ஆனால் நீங்கள் அவனைக் கொன்றால், கொலைக்குத் தண்டனை என்று சர்க்கார் உங்களைச் சுட்டுவிடும். தெலினும் திரும்பி வரமாட்டான், நீங்களும் இருக்கமாட்டீர்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. உங்கள் கோபத்தைப் பத்து வருஷமாகப் பார்க்கிறவள் நான்.

யான்யானுக்கு ஒரு பல் ஆடுகிறது. சித்தப்பா பிடுங்கிவிடுவதாகச் சொல்லியிருந்தாராம், அதனால் வேறு யாரையும் தொட விடமாட்டேன் என்கிறாள். அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

கடல் உங்களை நல்லபடியாகக் கரை சேர்க்கட்டும். கப்பலில் கணவாய் அறுக்கிற கத்தியைக் கப்பலிலேயே விட்டுவிடுங்கள். தூரக் கடலுக்குப் போன புருஷன் வெறுங்கையோடு திரும்பக் கூடாது என்றுதான் இந்தக் கரையில் எல்லாப் பெண்களும் வேண்டிக்கொள்கிறார்கள். உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன், நீங்கள் வெறுங்கையோடு வாருங்கள்.

ஃபெங்சின்