ஆர்ச் கிட்ட நிக்கிறேன்

அப்பா,

இன்று பூகோளப் புத்தகத்தைத் திறந்தேன். ஐரோப்பா படத்துக்கு நடுவே நீங்கள் அனுப்பிய அஞ்சலட்டை இருந்தது. கடலோரம், உயரமான படிகளுக்கு மேலே, அந்த வெள்ளை வளைவு. நம் சுரங்க டவுன்ஷிப் வாசலில் இருக்கும் ஆர்ச்சைவிட ஒல்லி. அம்மாவிடம் நான் இன்னும் கேட்காத மன்னிப்பு உடனே நினைவுக்கு வந்தது.

சுரங்க இயந்திரப் பயிற்சிக்காக ஜெர்மனிக்குக் கப்பலேறிய நீங்கள், வழியில் இத்தாலியின் ஆங்கோனா துறைமுகத்தில் ஒருநாள் இறங்கினீர்கள். அட்டையின் முதல் வரி, "ஆர்ச் கிட்ட நிக்கிறேன்." அட்டை வந்த அன்று, எழுத்துக்கூட்டிப் படிக்கும் அம்மா அந்த ஒரு வரியோடு நிறுத்திவிட்டாள். மஞ்சள் புடவை கட்டிக்கொண்டு நம் ஆர்ச்சுக்கு ஓடினாள்.

பள்ளி விட்டு வந்த நான் அவளை அங்கேதான் பார்த்தேன். மத்தியானத்திலிருந்து நின்றிருக்கிறாள். ஷிப்ட் பஸ்கள் வந்து காலியாகிக்கொண்டிருந்தன.

"உங்கப்பா இங்கதான் எங்கியோ நின்னுகினு இருக்காராம்டி" என்று அட்டையை நீட்டினாள்.

மீதி வரிகளைப் படித்துவிட்டு நான் எல்லோர் முன்பும் சிரித்தேன். "ஐயோ, இது ரோம ராஜாவோட ஆர்ச்சும்மா! ரெண்டாயிரம் வருஷம் பழசு!"

அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு நடந்தாள். பக்கத்துக் குவார்ட்டர்ஸ் திருநெல்வேலி அத்தை ஒரு வாரம் கேலியை விடவில்லை. "என்ன மைனி, ரோமாபுரி பஸ் வந்துட்டா?"

நீங்கள் திரும்பியதும் நானே முந்திக்கொண்டு இந்தக் கதையைச் சொன்னேன். நீங்கள் சிரிக்கவில்லை. படியேறி அந்த ஆர்ச்சின் குளிர்ந்த பளிங்கைத் தொட்டதைச் சொன்னீர்கள். கப்பலிலிருந்து இறங்கியவர்களை யார் யாரோ வந்து கட்டிப்பிடித்து அழைத்துப் போனதை மேலே இருந்தே பார்த்தீர்களாம்.

"அங்க எனக்குன்னு யாரும் நிக்கலம்மா. இங்க உங்கம்மா நின்னா பாரு."

மஞ்சள் காமாலை உங்களைக் கொண்டுபோய் எட்டு மாதம் ஆகிறது. குவார்ட்டர்ஸை விட்டுவிட்டோம். இப்போது மந்தாரக்குப்பத்தில் ஓர் அறை. அம்மா ஆஸ்பத்திரியில் ஆயா வேலைக்குப் போகிறாள். பள்ளியிலிருந்து வந்தால் பூட்டுதான் இருக்கும். பாடங்களைச் சுவரைப் பார்த்துச் சத்தமாகப் படிக்கிறேன், ஒரு குரலாவது கேட்கட்டும் என்று. அம்மா வந்து, சாப்பிட்டு, பேசாமல் படுத்துவிடுகிறாள். மன்னிப்பு என்ற சொல் என் புத்தகங்களில் நிறைய இருக்கிறது. நம் வீட்டில் யாரும் அதை வாயால் சொன்னதில்லை. எப்படித் தொடங்குவது?

இன்று அறையில் உட்கார முடியவில்லை. பஸ் நிற்கும் இடத்துக்குப் போய் நின்றேன். இரண்டு பஸ்கள் போயின. மூன்றாவதில் அம்மா இறங்கினாள். என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது.

"ஏன்டி, வூட்ல எதனா ஆச்சா?"

"இல்லம்மா."

"அப்பறம் எதுக்கு வெயில்ல நின்னுகினு இருக்க?"

"உனக்காகத்தாம்மா."

அம்மா கையிலிருந்த அரிசிப் பையை என்னிடம் கொடுத்தாள். இதுவரை அதை அவள் யாரிடமும் கொடுத்ததில்லை. கனமாகத்தான் இருந்தது, அப்பா. வீடு வரைக்கும் கை மாற்றாமல் தூக்கி வந்தேன்.