நாலு காம்பராவுக்கு ஒரு மீட்டர்

கொழும்பு
9.6.2025

அன்பான அப்பாவுக்கு,

பிரேமினி எழுதுவது. சுகமா இருக்கீங்களா? தோட்டத்து லய வீடுகளில் சிக்னல் இல்லாததால் தாளில்தான் பேச வேண்டியிருக்கிறது.

மாலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் கரண்ட் பாவிப்பதால் தட்டுப்பாடு வருகிறது. அதனால் சம்மதிக்கிற வீடுகளுக்கு மட்டும் சில நாட்கள் ஆறரையிலிருந்து ஒன்பதரை வரை நிறுத்துவார்கள். பில் குறையும். மக்களின் விருப்பம் கேட்கிற வேலை எங்கள் ஆபிசுக்கு வந்திருக்கிறது. படிவத்தை நான்தான் எழுதினேன். மீட்டர் உங்கள் பெயரில் இருப்பதால் நீங்கள் நிரப்ப வேண்டும். எனக்காக எழுதாமல் உள்ளபடி எழுதுங்க.

உங்கள் மகள்
பிரேமினி

லிந்துலை
16.6.2025

அன்பு மகளுக்கு,

அப்பா நலம். படிவத்தில் ஹீட்டர் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறாய். அடுப்புக்கே ஈர விறகு, போ. வீட்டில் கரண்டில் ஓடும் வைத்தியக் கருவி உண்டா என்பதற்கு இல்லை என்று போட்டேன். பக்கத்துக் காம்பரா வீட்டு அழகன் மூச்சிழுப்புக்குப் பிடிக்கும் மெசின் நம் மீட்டரில்தான் ஓடுகிறது. ஆனாலும் அவன் வீடு வேறுதானே? பிழையென்றால் எழுது, மாற்றித் தருகிறேன்.

"மக அனுப்புன தாளாண்ணே? நல்லாப் போட்டு விடுங்க" என்றான் அழகன். மெசின் வாங்கிக் கொடுத்த உன்னை இன்னும் வாழ்த்துகிறான்.

அன்பு அப்பா
பொன்னையா

கொழும்பு
30.6.2025

அப்பா,

படிவம் கிடைத்தது. உங்கள் பக்கத்தில் முதல் சம்மதம் உங்களுடையதுதான். எங்கள் ஆபிஸ் சேர் பாராட்டினார். இங்கே சரியான வேலை நெருக்கடி அப்பா. கடிதத்தை இன்னும் ஆறுதலாக முழுதும் படிக்கவில்லை, குறை நினைக்காதீங்க.

பிரேமினி

லிந்துலை
21.7.2025

பிரேமினிக்கு,

வெள்ளிக்கிழமை ஏழு மணிக்குக் கரண்ட் நின்றது. அடைமழை. அழகனுக்கு இழுப்பு எடுத்துவிட்டது. மேல் லயத்தில் லைட் எரிவதைப் பார்த்து அங்கே தூக்கிக்கொண்டு ஓடினோம். அவன் பெண்சாதி சண்முகவடிவு மெசினோடு பின்னால் வந்தாள். படிக்கட்டிலேயே அவன் மூச்சு அடங்கிவிட்டது.

"மேல் லயத்துல மட்டும் எப்படிண்ணே கரண்டு இருந்துச்சு?" என்று நேற்றுக் கேட்டாள். நம் மீட்டரை நிறுத்தச் சம்மதித்து நான் கையெழுத்து வைத்ததைச் சொன்னேன். அவள் எழுந்து போய் நம் மீட்டரிலிருந்து போன வயரைக் கழற்றிவிட்டுக் குப்பி விளக்கை ஏற்றிக்கொண்டாள்.

போட்டது என் கைதான். அந்தப் பாவம் எனக்கு. ஆனால் இந்த லயத்தில் பிறந்தவள் நீ. ஒரு மீட்டரில் நாலு காம்பராவுக்கு லைட் எரிவது உனக்குத் தெரியாதா? அன்றைக்கே கேட்டு எழுதினேனே, தாயி.

கருமாதிக்கு வராதே. அதற்குப் பிறகும் வரவேண்டாம். இந்தக் கடிதத்தையாவது முழுதாகப் படி.

பொன்னையா