தளர்வு என்று சொல்லிப்போன ஆட்டோ

மதிப்பிற்குரிய நகராட்சிப் பேரிடர் அதிகாரி அவர்களுக்கு,

இப்படி எழுதினாலாவது பிரித்துப் படிப்பீர்கள் என்றுதான். போனை எடுப்பதில்லை. உங்கள் அக்கா வீட்டில் மாடியறையை விட்டு இறங்குவதும் இல்லையாம். சாப்பிடவாவது செய்கிறீர்களா? இங்கே எல்லோரும் நலம் என்று எழுத இந்தத் தடவை கை வரவில்லை. சின்னவளுக்கு இருமல் நின்றுவிட்டது. நம் சமையலறை விரிசலைக் கொத்தனார் தட்டிப் பார்த்துவிட்டுப் பயமில்லை என்றார்.

முதல் நடுக்கம் வந்த அன்று செருப்புகூடப் போடாமல் ஆபீசுக்கு ஓடினீர்கள். பூகம்பத் திட்டத்தை அமல்படுத்த ஆணையர் கையெழுத்துப் போடுவதற்குள் பள்ளி மைதானத்தில் கூடாரம், தண்ணீர் லாரி, சமையல் எல்லாம் தயார். ஆபத்தான வீடுகளின் கதவில் சிவப்புப் பெயின்டால் குறி போட்டீர்கள். "மனுஷன் பம்பரமா சுத்துறாருக்கா" என்று பக்கத்து வீட்டுக் குழாய்க்காரர் என்னிடம் பெருமையாகச் சொன்னார். அவர் கதவிலும் குறி விழுந்தது. முணுமுணுத்துக்கொண்டே மனைவியை அழைத்துக்கொண்டு, நானும் பிள்ளைகளும் தங்கியிருந்த கூடாரத்துக்கு வந்து சேர்ந்தார்.

நாளாக ஆக எல்லோருக்கும் பொறுமை போய்விட்டது. கடைக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள், ஆணையர் நச்சரித்தார். நான் மட்டும் சும்மா இருந்தேனா? பிள்ளை இருமுகிறாள், கொசு பிடுங்குகிறது, இந்தக் கூத்தை எப்போதுதான் முடிப்பீர்கள் என்று போனில் உங்களை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டேன். அன்று மாலையே தளர்வு அறிவித்தீர்கள். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

உங்கள் ஆபீசில் தளர்வு என்றால் ஊழியர்கள் பழைய வேலைக்குத் திரும்பலாம், லாரிகள் குறையும், அவ்வளவுதான். சிவப்புக் குறி போட்ட வீட்டுக்குள் அப்போதும் போகக்கூடாது. உங்களைக் கட்டிக்கொண்ட பாவத்துக்கு அது எனக்கும் தெரியும். ஊருக்கு எப்படித் தெரியும்? ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ "தளர்வு, தளர்வு" என்று தெருத்தெருவாகக் கத்திக்கொண்டு போனது. குழாய்க்காரர் பாயைச் சுருட்டிக்கொண்டு, "அப்பாடா, அண்ணனே சொல்லிட்டாரு. இனி என் கட்டில்ல காலை நீட்டித் தூங்கலாம்" என்று சிரித்தார். கதவில் குறி இருக்கிறதே என்றேன். "அதான் தளர்த்திட்டாங்களேக்கா" என்றார். நானும் மூட்டை கட்டுகிற அவசரத்தில் விட்டுவிட்டேன். கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்திருக்க வேண்டாமா? மறுநாள் மத்தியானம் மறுபடி குலுங்கி அந்த வீடு இடிந்து விழுந்தபோது அவர் அந்தக் கட்டிலில்தான் படுத்திருந்தார். கடைக்குப் போயிருந்ததால் அவர் மனைவி பிழைத்தாள்.

அவர் உடலை எடுத்த அன்றைக்குப் பஸ் ஏறியவர் நீங்கள். ஆணையரிடம் கொடுக்கச் சொல்லி அனுப்பிய ராஜினாமாவை நான் கொடுக்கவில்லை. கோபப்பட்டுக்கொள்ளுங்கள். திட்டம் மறுபடி அமலில் இருக்கிறது. உங்கள் நாற்காலியில் இருப்பவர் நல்லவர்தான், ஆனால் எந்தச் சந்தில் லாரி திரும்பாது என்றுகூடத் தெரியவில்லை. இன்னும் கொஞ்ச நாளில் அவரும் தளர்வு என்று ஆட்டோவை அனுப்புவார். அன்றைக்கும் யாராவது பாயைச் சுருட்டுவார்கள்.

இன்று குழாய்க்காரர் மனைவியைப் பார்க்கக் கூடாரத்துக்குப் போனேன். நீங்கள் வேலையை விடப்போவதாகச் சொன்னேன். அவளுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன், புத்தி கெட்டவள். "வேலையை விட்டா ஆச்சா? அவரை நிக்கவெச்சுக் கத்தணும்னு நெஞ்சு நிறைய வெச்சிருக்கேன்க்கா. அவரும் ஓடிட்டா நான் யாரைப் போய்த் திட்டுறது?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு என் தோளிலேயே சாய்ந்து அழுதாள்.

அதனால் வாருங்கள். மன்னித்துவிடுவாள் என்று பொய் சொல்லமாட்டேன். திட்டு வாங்க வாருங்கள். அவள் திட்டி முடிக்கிறவரை நானும் உங்கள் பக்கத்திலேயே நிற்கிறேன். அதில் பாதி எனக்குச் சேரவேண்டியது.

இப்படிக்கு,
உங்கள் மனைவி